பிரமாதம் என்று எழுதிய கிராங்க்

ஓட்டர் பாயிண்ட் ஊரில் ஒருவர் சாப்பிட்டுவிட்டு "பரவால்ல" என்று சொன்னால், சமைத்தவருக்கு அன்று முழுக்கக் கால் தரையில் படாது. அதற்கு மேல் ஒரு பாராட்டுச் சொல் அந்த ஊரில் கிடையாது. பிடிக்கவில்லை என்றால் "வித்தியாசமா இருக்கு" என்பார்கள். அதைவிடப் பெரிய வசவும் கிடையாது. "பிரமாதம்" என்ற சொல்லை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்திருப்பார்கள். மார்ச் மாதத்தில் எவனாவது உறைந்த ஏரிமேல் காரை ஓட்டிக்கொண்டுபோய், பனி உடைந்து கார் உள்ளே இறங்கினால், கரையில் நின்று நிதானமாக அதைச் சொல்வார்கள்.

ஆர்விட் ஸ்கோக்லண்ட் அறுபத்தோரு வருஷமாக இந்த மூன்று சொற்களை வைத்தே பிழைப்பை ஓட்டியவர். பிழைப்பு என்றால் பள்ளிப் பேருந்து. ஒருநாள் எவனோ அவருடைய சீட்டில் உட்கார்ந்தால் அசிங்கமாகச் சத்தம் போடுகிற ரப்பர் காற்றுப்பை ஒன்றை வைத்துவிட்டான். ஆர்விட் உட்கார்ந்தார். அது போட்ட சத்தம் கடைசி சீட்டு வரைக்கும் கேட்டது. அவர் முகம் அசையவில்லை. பன்னிரண்டு மைல் அப்படியே அதன்மேல் உட்கார்ந்து ஓட்டினார். பள்ளி வாசலில் கதவைத் திறந்துவிட்டு, "இன்னிக்குச் சீட்டு கொஞ்சம் வித்தியாசமா இருந்துச்சு" என்றார். வைத்தவன் அப்புறம் ஒரு வாரம் தானாகவே முன்சீட்டில் உட்கார்ந்து வந்தான்.

இந்த ஆர்விட் ஒன்பது வருஷமாக வீட்டில் விமானம் கட்டினார். இரண்டு பேர் உட்காருகிற மர விமானம். கார் கொட்டகையில் உடம்பு, வரவேற்பறையில் இறக்கை. அவர் மனைவி டோர்டிஸ் மூன்று குளிர்காலம் அந்த இறக்கைக்கு அடியில் உட்கார்ந்துதான் டிவி பார்த்தாள். ஒரு கிறிஸ்துமஸுக்கு மரம் வைக்க இடமில்லாமல், சீரியல் விளக்கை இறக்கையிலேயே சுற்றிவிட்டாள். வந்தவர்கள் எல்லாரும் பரவால்ல என்றார்கள்.

எஞ்சின் மட்டும் காரிலிருந்து வந்தது. விமானத்துக்கென்றே செய்த எஞ்சின் வாங்குவதென்றால் வீட்டை விற்க வேண்டும். வீட்டை விற்றால் இறக்கையை எங்கே வைப்பது? அதனால் ஓட்டர் பாயிண்டின் புல் ஓடுதளத்தில் சொந்த விமானம் பறக்கவிடுகிற ஆட்கள் எல்லாரும் செய்வதையே ஆர்விட்டும் செய்தார். துருப்பிடித்துக் கிடந்த இரண்டு பழைய கார்களின் வயிற்றைக் கிழித்து, ஆறு சிலிண்டர் எஞ்சின்கள் இரண்டை எடுத்து, இரண்டிலும் நல்லதாக இருந்ததைச் சேர்த்து ஒன்றாக்கினார்.

அதில் ஒரே ஒரு சாமான்தான் அவருக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. கிராங்க் ஷாஃப்ட், எஞ்சினுக்குள் சுற்றுகிற இரும்புத் தண்டு. காருக்குள் இருக்கிற வரை அதற்குச் சுற்றுகிற வேலை மட்டும்தான். விமானத்தில் அதன் மூக்கிலேயே ப்ரொப்பெல்லரை மாட்டிவிடுகிறார்கள். விமானம் திரும்பும்போதெல்லாம், மூக்கைத் தூக்கும்போதெல்லாம், அந்தச் சுற்றுகிற கட்டை கிராங்கின் கழுத்தைப் பிடித்து ஆட்டுகிறது. ஒரு கம்பியை எடுத்து வளைத்து நிமிர்த்தி, வளைத்து நிமிர்த்திப் பாருங்கள், என்ன நடக்கும் என்று கைக்கே தெரிந்துவிடும். காரில் கிராங்க் உடைந்தால் ஓரமாக நிறுத்திவிட்டு மச்சானுக்குப் போன் போடலாம். ஆகாயத்தில் ஓரம் கிடையாது.

ஆகவே அவர் இரண்டு கிராங்கையும் துடைத்து, பக்கத்து ஊர் லேத் பட்டறைக்குச் சோதனைக்கு அனுப்பினார். கூடவே ஒரு சீட்டு: "இதில் ஒன்று பறக்கப் போகிறது. எது என்று சொல்லவும்."

இரண்டு வாரத்தில் இரண்டும் திரும்பி வந்தன. ஒவ்வொன்றின் கழுத்திலும் ஓர் அட்டை கட்டியிருந்தது. ஒன்றில் "பரவாயில்லை" என்று எழுதியிருந்தது. இன்னொன்றில் "பிரமாதம்".

ஆர்விட் அட்டைகளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பிரமாதம் என்று பட்டறைக்காரன் எழுதியிருக்கிறான் என்றால், அந்தக் கிராங்கின் கதை முடிந்தது. பாவம், வாய்விட்டுச் சொல்லச் சங்கடப்பட்டு, நாசூக்காக எழுதியிருக்கிறான். போன் போட்டுக் கேட்கலாம்தான். வேலை செய்கிற மனுஷனை எதற்குத் தொந்தரவு செய்வது?

பரவாயில்லை என்ற கிராங்க் எஞ்சினுக்குள் போனது. பிரமாதம் என்ற கிராங்கைத் தூக்கிப்போட மனசு வரவில்லை. ஓடுதளத்துக் கொட்டகை வாசலில், உத்தரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டார். சனிக்கிழமைக் காலை ஓடுதளத்து ஆட்கள் கூடிச் சாப்பிடுகிற பான்கேக் தயாரானதும், அவருடைய சிநேகிதன் வெர்ன் கிவிலா மரச் சுத்தியலால் அதை ஒரு போடு போடுவான். டங் என்று கிளம்பி, நீண்டு, மெலிந்து, ஏரிக்கு அந்தப் பக்கம் மீன் பிடிக்கிறவனுக்கே பசி எடுக்கிற மாதிரி ஒரு நாதம். மாதம் ஒருமுறை ஆர்விட் அந்தக் கிராங்குக்கு எண்ணெய் பூசுவார்.

"மணிக்கு எண்ணெய் போடற ஒரே ஆளு நீதான்யா" என்பான் வெர்ன்.

"துருப்பிடிச்சா பார்க்க நல்லாருக்காது."

"தலைக்கும் கொஞ்சம் தடவிக்க. அங்கயும் எல்லாம் உதிருது."

விமானம் வசந்தத்தில் பறந்தது. வீட்டில் கட்டிய விமானத்தை முதல் நாற்பது மணி நேரம் தனியாகத்தான் ஓட்ட வேண்டும், கூட ஆள் ஏற்றக் கூடாது. ஆர்விட் தினமும் பேருந்தை விட்டுவிட்டு வந்து, காற்று சும்மா இருந்தால் அரைமணி, முக்கால்மணி என்று ஏரியைச் சுற்றினார். கீழே டோர்டிஸ் துணி உலர்த்திக்கொண்டே மேலே பார்ப்பாள். கை காட்ட மாட்டாள். ஆனால் சத்தம் மறைகிற வரை ஒரே போர்வையை உதறிக்கொண்டிருப்பாள்.

டோர்டிஸுக்கும் மேலே போக ஒரு காரணம் இருந்தது. ஏரியின் அக்கரையில் அவளுடைய அக்கா குட்ரூன் இருக்கிறாள். இரண்டு பேருக்கும் பூசணித் தோட்டம். யார் தோட்டம் பெரிசு என்று இருபது வருஷமாகச் சண்டை. சண்டை என்றால் சத்தமெல்லாம் இல்லை. சர்ச் முடிந்து எல்லாரும் காபி குடிக்கும்போது குட்ரூன், "எங்க தோட்டத்துல இந்த வருஷம் நடக்கவே இடமில்ல" என்பாள். டோர்டிஸ், "அப்படியா" என்பாள். அவ்வளவுதான். ஆனால் அந்த "அப்படியா"வைச் சொல்லிவிட்டு வந்தால் வீட்டில் இரண்டு நாளைக்குப் பாத்திரம் பலமாக உருளும். குட்ரூன் வீட்டைச் சுற்றி ஊசியிலை மரங்கள் சுவர் மாதிரி நிற்கின்றன. மேலே இருந்து பார்த்தால் ஒழிய உண்மை தெரியாது.

செப்டம்பர் முதல் சனிக்கிழமை, நாற்பது மணி நேரம் முடிந்து மூன்றாம் நாள். டோர்டிஸ் புது ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு, பான்கேக் கூடச் சாப்பிடாமல் நேராகப் போய் விமானத்தில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். ஒன்பது வருஷம் காத்திருந்தவள், இன்னும் பத்து நிமிஷம் காத்திருக்கத் தயாராக இல்லை.

அன்றைக்குத்தான் வெர்ன் லேத் பட்டறைக்காரனைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தான். பெயர் கோய் பில்லிங்ஸ்லி. டெக்சாஸிலிருந்து இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்தவன். மாமனார் ஊர் என்று வந்து, முதல் குளிரிலேயே காது சிவந்து, இன்னும் சிவப்பு மாறாதவன். வந்த வேகத்தில் ஓடுதளத்தைப் பார்த்து அற்புதம் என்றான், காபியைக் குடித்து அபாரம் என்றான். காபி போட்ட கிழவர் பயந்துபோய்க் கெட்டிலைத் திறந்து உள்ளே ஏதாவது விழுந்திருக்கிறதா என்று பார்த்தார்.

வெர்ன் மணியை அடித்தான். டங்.

கோய் தட்டைக் கீழே வைத்துவிட்டு மணிக்குக் கீழே போய் நின்றான். அண்ணாந்து பார்த்தான். அட்டை இன்னும் அதில் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் கையெழுத்துதான்.

"சார், இது நான் சோதிச்ச கிராங்க் இல்ல?"

"ஆமா" என்றார் ஆர்விட். "நீங்கதானே பிரமாதம்னு எழுதியிருந்தீங்க."

"ஆமா சார்."

"அதான் தொங்க விட்டுட்டேன்."

கோய் அவரையும் மணியையும் மாறி மாறிப் பார்த்தான். "இல்ல சார், புரியல. பிரமாதமா இருக்குன்னுதானே எழுதினேன். ஒரு கீறல் கிடையாது. அளவு அச்சு அசல். என் வாழ்க்கையில இப்படி ஒரு பழைய கிராங்கைப் பார்த்ததில்ல. இதைப் போய் எதுக்குத் தொங்க விட்டீங்க?"

கொட்டகையில் பான்கேக் மென்று கொண்டிருந்த வாய்கள் எல்லாம் நின்றன.

"அப்ப அந்த இன்னொண்ணு?" என்றான் வெர்ன். "பரவால்லன்னு எழுதினியே தம்பி?"

"பரவால்லன்னா பரவால்லதான். காருக்குப் போதும். முன் கழுத்து மூலையில ஏதோ கருவி பட்ட கோடு ஒண்ணு இருந்துச்சு. விரிசல் இல்ல. ஆனா மூலையில கோடு இருந்தா, வளைஞ்சு வளைஞ்சு அங்கதான் விரிசல் விட ஆரம்பிக்கும். ப்ரொப்பெல்லர் மாட்டற கிராங்க்ல அதை வைக்க முடியாது. அதான் ஒண்ணு பிரமாதம், ஒண்ணு பரவால்லன்னு தெளிவா எழுதிக் குடுத்தேனே." கோய் சுற்றிலும் பார்த்தான். "ஏன் எல்லாரும் இப்படிப் பார்க்கறீங்க? அந்தக் கிராங்க் எங்க இருக்கு?"

எல்லாரும் ஒன்றாகத் திரும்பி விமானத்தைப் பார்த்தார்கள். அதன் உள்ளே டோர்டிஸ் ஸ்கார்ஃபைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வெர்ன் குரலைத் தாழ்த்தினான். "யோவ் ஆர்விட். நாப்பது மணி நேரம் தாங்கியிருக்கு. இன்னும் இருபது நிமிஷம் தாங்காதா? ஏரியை ஒரு சுத்து. அவ பூசணியைப் பார்த்துட்டு இறங்கிடுவா. அப்புறமாப் பிரிச்சுக்கலாம்."

ஆர்விட்டுக்கும் அது தோன்றாமல் இல்லை. எஞ்சின் நேற்றுகூட ஒரு குறை சொல்லவில்லை. எண்ணெயில் இரும்புத் தூள் இல்லை, சத்தத்தில் பிசிறு இல்லை. ஆனால் கிராங்க் சத்தம் போட்டுச் சொல்கிற சாதி இல்லை. அதுவும் இந்த ஊர்க்காரன் மாதிரிதான். உள்ளுக்குள்ளேயே வைத்திருந்து, ஒருநாள் ஒரேயடியாகச் சொல்லும். நாற்பது மணி நேரம் தாங்கியது என்பதில் என்ன தைரியம்? நாற்பது மணி நேரம் வளைந்திருக்கிறது என்றும்தானே அர்த்தம். அத்தனை மணி நேரமும் தனியாகத்தானே உட்கார்ந்திருந்தோம் என்று நினைத்தார்.  அடுத்து பக்கத்துச் சீட்டை நினைத்தார். தட்டைக் கீழே வைத்தார்.

விமானத்துக்கு நடந்து போனார்.

"டோர்டிஸ், இறங்கு."

"இப்பத்தான் பெல்ட்டையே மாட்டினேன்."

"எஞ்சினைப் பிரிக்கணும்."

அவள் அவரைப் பார்த்தாள். ஓடுதளத்தைப் பார்த்தாள். ஏரியை, அதற்கு அப்பால் கறுப்பாக நின்ற ஊசியிலை மரங்களைப் பார்த்தாள்.

"எவ்வளவு நாளாகும்?"

"நாலு வாரம். அஞ்சு."

"அதுக்குள்ள பனி விழுந்தா குட்ரூன் பூசணியெல்லாம் பறிச்சு உள்ள வச்சுடுவா."

"தெரியும்."

"அவசியம் பிரிக்கணுமா?"

ஆர்விட் தொப்பியைக் கழற்றினார், திரும்பப் போட்டுக்கொண்டார். "நான் மட்டும் போறதா இருந்தா ஒருவேளை போயிருப்பேன். நீ உட்கார்ந்திருக்கே."

முப்பத்தாறு வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவர் பேசிய காதல் வசனங்களிலேயே இதுதான் நீளம். டோர்டிஸ் பெல்ட்டைக் கழற்றினாள். இறங்கி, புது ஸ்கார்ஃபை அவிழ்த்து நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"வித்தியாசமா இருக்கு" என்றாள்.

கொட்டகையில் இருந்தவர்கள் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆனால் டோர்டிஸ் வீட்டுக்குப் போகவில்லை. உள்ளே வந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, கருவிப் பெட்டியைத் திறந்து, "எந்த ஸ்பேனர் வேணும், வாயைத் திறந்து சொல்லு" என்றாள். அப்புறம் யாரும் சும்மா நிற்க முடியுமா? பான்கேக் மாவு கையோடு ஆறு பேர் விமானத்தின் மூக்கைச் சூழ்ந்துகொண்டார்கள்.

நாலு சாயங்காலம் வேலை நடந்தது. அடுத்த சனிக்கிழமை பகல் பதினோரு மணிக்குக் கிராங்க் மேஜைமேல் கிடந்தது. கோய் விரிசல் இருந்தால் மின்னவைத்துக் காட்டுகிற தன்னுடைய ஊதா விளக்கைக் கொண்டுவந்தான். வெளிச்சம் வரக் கூடாது என்று கொட்டகைக் கதவைச் சாத்தி, ஜன்னலுக்கு டோர்டிஸின் போர்வைகளைத் தொங்கவிட்டார்கள். கோய் கிராங்கைக் காந்தமாக்கி, இரும்புத் தூள் கலந்த பச்சைத் திரவத்தை ஊற்றி, விளக்கைக் கழுத்துப் பக்கம் கொண்டுபோனான்.

முன் கழுத்து மூலையில் ஒரு பச்சை முடி மின்னியது. அவன் கிராங்கை மெல்ல உருட்டினான். முடி கூடவே வந்தது. இன்னும் உருட்டினான். இன்னும் வந்தது. சுற்றில் மூன்றில் ஒரு பங்கு போய்த்தான் நின்றது.

இருட்டில் டோர்டிஸின் கை ஆர்விட்டின் முழங்கைக்கு மேலே எங்கோ வந்து சட்டையைப் பிடித்துக்கொண்டது.

"பிரமாதம்" என்றான் வெர்ன்.

கோய் விளக்கை அணைத்தான். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவனுக்கு அந்த ஊர்ப் பேச்சு புரிந்திருக்க வேண்டும். "சார்," என்றான், "இது ரொம்ப வித்தியாசமா இருக்கு."

பிறகு மணியை இறக்கினார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் மரச் சுத்தியலால் அடி வாங்கிய கிராங்கைக் கோய் மறுபடியும் விளக்கில் வைத்து, ஒவ்வொரு மூலையாக ஒரு மணி நேரம் பார்த்தான். ஒரு முடி இல்லை. துருவும் இல்லை. எண்ணெய்ப் பூச்சு மட்டும் இருந்தது.

"மணிக்கு யாராவது எண்ணெய் போடுவாங்களா?" என்று ஆச்சரியப்பட்டான்.

"அதைத்தான் நானும் கேட்டேன்" என்றான் வெர்ன். "இனிமே கேட்க மாட்டேன்."

கிராங்கை மெருகேற்றி, மூலைகளை வழவழவென்று மழுக்கி, மேல்பரப்பைக் கெட்டிப்படுத்தினார்கள். ப்ரொப்பெல்லரின் ஆட்டத்தைக் கழுத்து ஒண்டியாகத் தாங்க வேண்டாம் என்று, முன்பக்கம் கூடுதலாக ஒரு பேரிங்கையும் கோய் செய்து மாட்டினான். இந்தத் தடவை அட்டை எழுதும்போது, பேனாவைத் தூக்கி வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தான். கடைசியில் எழுதியது: "இது பறக்கும். இதுதான். சந்தேகம் இருந்தால் தயவுசெய்து போன் போடவும்."

அக்டோபர் முதல் வாரம். பனி இன்னும் விழவில்லை, இன்றோ நாளையோ என்று மிரட்டிக்கொண்டிருந்தது. ஆர்விட் தனியாக எட்டு மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, சனிக்கிழமைக் காலை டோர்டிஸுக்குக் கதவைத் திறந்தார். அவள் மடிப்புக் கலையாத ஸ்கார்ஃபைக் கட்டிக்கொண்டு ஏறினாள்.

புல் விலகியது. ஏரி சாய்ந்தது. ஆர்விட் எஞ்சினின் ஒவ்வொரு துடிப்பையும் காதால் எண்ணிக்கொண்டிருந்தார். டோர்டிஸ் எதையும் கேட்கவில்லை. ஊசியிலை மரங்கள் வந்ததும் மூக்கைக் கண்ணாடியில் ஒட்டினாள்.

குட்ரூனின் தோட்டம் தெரிந்தது. பெரிய தோட்டம். வேலியிலிருந்து வேலி வரை ஆரஞ்சு. டோர்டிஸின் உதடு இறுகியது. ஆர்விட் வேண்டுமென்றே விமானத்தைத் தூரமாகத் திருப்பப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் கீழ போ" என்றாள்.

"எதுக்கு?"

"போன்னா போ."

போனார். அப்போது கீழே காற்று ஒரு வீசு வீசியது. பாதிப் பூசணிகள் எழுந்து, தோட்டத்தைத் தாண்டி, வேலியில் போய் ஒட்டிக்கொண்டன. இலைக் குப்பை அள்ளுகிற ஆரஞ்சு பிளாஸ்டிக் பைகள். டோர்டிஸ் மேலேயிருந்து பார்க்கப் போகிறாள் என்ற சேதி எட்டி, நாலு வாரம் அவகாசமும் கிடைத்ததில் குட்ரூன் உட்கார்ந்து ஒவ்வொன்றாக இலை அடைத்து வைத்திருக்கிறாள். இப்போது அவளே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஒரு பையின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தாள்.

டோர்டிஸ் சிரித்தாள். ஹெட்செட்டில் அந்தச் சிரிப்பு ஆர்விட்டின் இரண்டு காதிலும் நிறைந்து, எஞ்சின் சத்தம் கேட்காமல் போயிற்று. எண்ணிக்கையை விட்டுவிட்டார். அவள் கீழே பார்த்துக் கை ஆட்டினாள். ஓடிக்கொண்டிருந்த குட்ரூன் நின்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு அவளும் கை ஆட்டினாள்.

இறங்கி வந்தபோது கொட்டகை வாசலில் எல்லாரும் நின்றிருந்தார்கள். கோய்தான் முன்னால் ஓடிவந்தான்.

"எப்படி மேடம் இருந்துச்சு?"

டோர்டிஸ் ஸ்கார்ஃபை அவிழ்த்தாள். விமானத்தைப் பார்த்தாள், அதைக் கட்டினவரைப் பார்த்தாள்.

"பரவால்ல" என்றாள்.

கோய் முகம் தொங்கிப்போனது. வெர்ன் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினான். "தம்பி, எனக்குத் தெரிஞ்சு அவ வாயால இது ரெண்டாவது பரவால்ல."

"முதல் தடவை எப்போ?"

"இவங்க கல்யாணத்தன்னிக்கு. மாப்பிள்ளை எப்படின்னு கேட்டாங்க."

கோய் திரும்பி ஆர்விட்டைப் பார்த்தான். அவர் எஞ்சின் மூடியைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, எதையோ மும்முரமாகத் துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே துடைக்க ஒன்றுமே இல்லை.

வெர்ன் மரச் சுத்தியலை எடுத்து உத்தரத்தில் தொங்கிய புது மணியை ஒரு போடு போட்டான். விரிசல் விட்ட கிராங்க் "தொக்" என்றது. பக்கத்து மேஜைக்குக்கூடக் கேட்டிருக்காது. ஆனால் எல்லாரும் வந்து வரிசையில் நின்றார்கள்.